திருக்கனூரில் இருக்கலாம், போகக்கூடாது

இதர அலுவல்கள் துறையில் மேல்நிலை எழுத்தராக இருந்த தெய்வசிகாமணி 1979ஆம் ஆண்டு ஒரு பயணநூல் எழுதினார். அவர் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை.

இதர அலுவல்கள் துறை என்று ஒன்று இருப்பது புதுச்சேரியிலேயே பலருக்குத் தெரியாது. எந்தத் துறையும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத கோப்புகள் கடைசியில் அங்கே வந்து சேரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் காணாமல் போன ஒரு குதிரையைப் பற்றிய கோப்பு அப்போதும் நிலுவையில் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை "மேற்படி குதிரை நாளது தேதிவரை வந்து சேரவில்லை" என்று குறிப்பெழுதிச் சேர்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக அந்தக் குறிப்பை எழுதியவர் தெய்வசிகாமணி. அவர் அங்கத நாவலாசிரியர் ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புதுச்சேரியில் சாரம் பகுதியில் எங்கள் தெருவிலேதான் அவர் வீடு. அதற்கு முன்பே இரண்டு நாவல் எழுதியிருந்தார். அலுவலக நாற்காலி ஒன்று ஐம்பத்தெட்டு வயது நிறைந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவது முதல் நாவல். மனுப் போடாமல் பெய்ததற்காக மழையிடம் விளக்கம் கேட்பது இரண்டாவது. அலுவலகத்தில் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மூன்றாவதாகத்தான் பயணநூல். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்த யாரும் பத்திரிகையில் அரை வருடம் தொடர் எழுதாமல் விட்டதில்லை. விமான நிலையத்தில் காப்பி குடித்தது ஓர் அத்தியாயம், குளிர் தாங்காமல் இரண்டு சட்டை போட்டது ஓர் அத்தியாயம், அந்த ஊரில் யாரும் தெருவில் துப்புவதில்லை என்பது மூன்று அத்தியாயம். தெய்வசிகாமணிக்கும் ஆசை வந்தது. போவதற்குத் திருக்கனூர்தான் இருந்தது. அவர் தங்கை அஞ்சலாட்சியைக் கட்டிக்கொடுத்த ஊர்.

நம்முடைய பிரதேசத்தின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. இட்லித்தட்டிலிருந்து சிதறிய மாவு மாதிரி அங்கங்கே கிடக்கிறது. திருக்கனூர் புதுச்சேரிதான். ஆனால் புதுச்சேரியிலிருந்து திருக்கனூருக்குப் போகிற பஸ் வழியில் வழுதாவூர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, வெளியே வந்து, மறுபடி புகுந்துதான் போய்ச் சேரும். ஏழு முறை எல்லை தாண்டுவதாகத் தெய்வசிகாமணி கணக்கிட்டு, "ஏழு எல்லை தாண்டி ஓர் அயல்நாட்டுப் பயணம்" என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தார்.

"இந்நாட்டு மக்கள் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை அறிஞர்கள் ஆராய வேண்டும்" என்று அதில் எழுதியிருந்தார். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. "எல்லையில் நம் நாட்டுக்குள் வருகிறவர்கள் நேராக நடந்து வருகிறார்கள். திரும்பிப் போகிறவர்கள் கோணலாகப் போகிறார்கள். இதற்கு நிலத்தின் சரிவு காரணமாக இருக்கலாம்" என்றும் எழுதியிருந்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. புத்தகம் வந்த சந்தோஷத்தில் துணைச் செயலர் அரிகிருஷ்ணனுக்கு ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுதான் தப்பாகப் போய்விட்டது.

அரிகிருஷ்ணன் கெட்ட மனிதர் இல்லை. விதிப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் படித்துப் பழக்கமில்லாதவர். இதையும் அதே முறையில் படித்தார். சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க வெளிநாடு போயிருக்கீங்க. முன் அனுமதி வாங்கலை."

"வெளிநாடு போகலைங்க சார். திருக்கனூருக்குத்தான் போனேன்."

"அப்ப புஸ்தகத்துல எழுதினது பொய்யா?"

"பொய்யில்லைங்க சார். அங்கதம்."

"அப்படின்னா?"

தெய்வசிகாமணி கொஞ்சம் யோசித்தார். "உள்ளதை இல்லாத மாதிரியும், இல்லாததை உள்ள மாதிரியும் எழுதறதுங்க சார்."

"அதை நாங்க பொய்ச் சான்றுன்னு சொல்லுவோம்" என்றார் அரிகிருஷ்ணன். "போயிருந்தா அனுமதியில்லாம போன குத்தம். போகலைன்னா போனதா எழுதின குத்தம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. உங்க சௌகரியப்படியே போட்டுக்கலாம்."

"வெளிநாடே இல்லைன்னாலும் தமிழ்நாடு வெளி மாநிலம்தானே" என்று அவரே பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். அரசு ஊழியர் தலைமையிடத்தை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். மறுநாள் குறிப்பாணை வந்தது. மேற்படியார் ஏழு முறை அனுமதியின்றி எல்லை கடந்துள்ளதாகவும், குற்றத்தை நூற்று நாற்பது பக்கத்தில் தாமே விவரித்துள்ளதாகவும், முதல் பக்கத்தில் "அன்புடன்" என்று கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டுள்ளதாகவும் அதில் கண்டிருந்தது. விசாரணை முடியும்வரை மேற்படியார் எந்த எல்லையையும் கடக்கக்கூடாது.

அந்த வாரமே அஞ்சலாட்சி வந்து சேர்ந்தாள். மகள் சாந்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும்.

"அண்ணா, ஏற்கெனவே ஒருவாட்டி உங்க புஸ்தகம் அச்சில இருக்குன்னு தள்ளி வெச்சோம்" என்றாள். "இந்தவாட்டியும் நீங்க வரலைன்னா, ஓரகத்தியோட தம்பி மடியில வெச்சு குத்திடுவேன்னு எங்க மாமனார் சொல்லிட்டாரு. அப்புறம் நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு பொறந்த வீட்டுக்கு வர்றது?"

"வராம இன்னா" என்றார் தெய்வசிகாமணி. அவர் மனைவி தையல்நாயகி குறிப்பாணையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் மனு எழுதிக்கொண்டு துணைச் செயலரிடம் போனார். அரிகிருஷ்ணன் இரக்கத்தோடுதான் படித்தார்.

"திருக்கனூர் நம்ம பிரதேசம். நீங்க அங்க இருக்கறதுல துறைக்கு ஆட்சேபணையே இல்லை."

"அப்ப போலாங்களா சார்?"

"போகக்கூடாது. போற வழியில எல்லை வருது. இருக்கலாம்."

"போகாம எப்படிங்க சார் இருக்கறது?"

"அது உங்க சொந்த விஷயம். அதுல துறை தலையிடாது."

இதே வாசகம் எழுத்து மூலமாகவும் வந்தது. தெய்வசிகாமணி அதை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பதினெட்டு வருட சர்வீஸ். இதை நாவலில் எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டேன் என்று நானே அடித்திருப்பேன் என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தன் புத்தகத்தில் ஏழு எல்லை என்று எழுதியது தவறாக இருக்கலாம், உண்மையில் எத்தனை என்று நேரில் எண்ணிப் பார்க்காமல் தண்டனை வழங்கினால் அது செல்லாது, ஆகவே குழு ஒன்று அமைத்து, குற்றவாளியையும் உடன் அழைத்துச் சென்று எண்ண வேண்டும் என்று மனுப் போட்டார். அதற்கு உகந்த நாள் என்று காதுகுத்து நாளையே குறிப்பிட்டார். அரிகிருஷ்ணன் மனுவைப் படித்துவிட்டு, "இதுதான் ஒழுங்கா எழுதினது. புஸ்தகமும் இப்படி எழுதியிருக்கலாமே" என்றார்.

பயண உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் அரிகிருஷ்ணன். நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ள ஸ்டெனோ ஜெயம். மூன்றாவது ஆள் சொல்தா முருகையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், சைகோன்வரை கப்பலில் போய் வந்தவர், யாரையும் 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் 'முசே' என்றே கூப்பிடுகிறவர். துறையில் யாரும் வெளிநாட்டைப் பார்த்ததில்லை என்பதால், பார்த்தவுடன் இது வெளிநாடா இல்லையா என்று சொல்லக்கூடிய நிபுணர் ஒருவர் தேவைப்பட்டார்.

குறித்த நாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் நான்கு பேரும் ஏறினார்கள். நடந்ததை எனக்குச் சொன்னது ஜெயம். தெய்வசிகாமணி பட்டு வேட்டியும் புது வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, மடியில் சீர்த்தட்டை வைத்துக்கொண்டிருந்தார். அது தடயப் பொருள் என்று ஜெயம் குறித்துக்கொண்டாள்.

முதல் எல்லை தாண்டியதும் அரிகிருஷ்ணன் சொல்தாவிடம் திரும்பினார். "பார்த்துச் சொல்லுங்க. இது வெளிநாடா?"

முருகையன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "மாடு மேயுது முசே."

"அதை எப்படி எடுத்துக்கறது?"

"சைகோன்லயும் மேஞ்சுது."

"எழுதிக்கோம்மா" என்றார் அரிகிருஷ்ணன். "நிபுணர் கருத்து. ஒற்றுமை காணப்படுகிறது."

ஜெயம் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "சார், ஒரு சந்தேகம். நாம அனுமதி வாங்கினோமா?" என்று கேட்டாள்.

அரிகிருஷ்ணன் பையைத் துழாவினார். குழு அமைக்கும் ஆணை இருந்தது. குழு எல்லை கடக்கலாம் என்ற ஆணை இல்லை. மூன்று அரசு ஊழியர்கள் அனுமதியின்றி வெளிமாநிலத்தில் மணிக்கு இருபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அனுமதி வழங்கும் அதிகாரம் அரிகிருஷ்ணனுக்கே உண்டு. முத்திரையும் பையில் இருந்தது. ஆனால் அந்த அதிகாரம் புதுச்சேரி மண்ணில்தான் செல்லும். புதுச்சேரி மறுபடி வந்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கி, ஒரு மைல்கல்லின் மேல் தாளை வைத்து, நடந்ததற்குப் பின்னேற்பும் அடுத்த எல்லைக்கு முன் அனுமதியும் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். தெய்வசிகாமணிக்கும் குற்றவாளி என்ற முறையில் ஒன்று கிடைத்தது. ஓர் அனுமதி ஓர் எல்லைக்குத்தான். ஆகையால் அடுத்த துண்டிலும் இறங்க வேண்டியிருந்தது.

அங்கே இறங்கும்போது பஸ்ஸிலிருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் நர்ஸம்மாவும் கூடவே இறங்கி நின்றார்கள். "எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க சார். பின்னால பிரச்சினை வரக்கூடாது." அவர்களுக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் நின்றார்.

"நீங்க அரசு ஊழியரா?"

"இல்லீங்க. எல்லாரும் வாங்கறாங்களே."

கண்டக்டர் கோவிந்தசாமி நிழல் தேடி பஸ்ஸை இருபதடி முன்னால் ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். அந்த வேப்ப மரம் தமிழ்நாட்டில் இருந்தது.

அரிகிருஷ்ணன் அனுமதிகளை எழுதி முடித்துப் பைக்குள் கைவிட்டார். முத்திரையைக் காணோம். முந்தைய நிறுத்தத்தில் மை ஈரமாக இருக்கிறதே என்று பஸ்ஸில் சீட்டின் மேல் காயவைத்திருந்தார். முத்திரை இப்போது வெளிமாநிலத்தில் இருந்தது.

"நான் போயி எடுத்தாரேன் சார்" என்றாள் ஜெயம்.

"அனுமதியில்லாம எப்படிப் போவ?"

"அப்ப எனக்கு மட்டும் அனுமதி குடுங்க."

"முத்திரையில்லாம எப்படிக் குடுப்பேன்?"

"எனக்கு அனுமதி வேணாம். நான் எடுத்தாரேன்" என்றார் முருகையன்.

"நீங்க பிரெஞ்சுக் குடிமகன். இந்திய அரசாங்க முத்திரையை ஓர் அந்நிய நாட்டார் எல்லை தாண்டி எடுத்து வர்றதா? விஷயம் எங்க போய் முடியும் தெரியுமா?"

"சரி முசே" என்று சொல்தா கீழே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட ஆரம்பித்தார்.

கோவிந்தசாமி இரண்டு முறை விசிலடித்தார். "வர்றவங்க வாங்க. எனக்கு டைம் ஆவுது" என்றார். ஆசிரியரும் நர்ஸம்மாவும் ஆட்டுக்காரரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது. முத்திரையும் போய்விட்டது.

அந்த இடத்தில் புதுச்சேரி என்பது ஒரு கரும்புக் கொல்லை, ஒரு மோட்டார் கொட்டகை, கொஞ்சம் சாலை. அதற்குள் அரசாங்கம் நின்றது. நல்ல நேரம் பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிகிறது. திருக்கனூர் இரண்டு மைல். கோயில் கோபுரம்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. பதினொன்று ஆனது. பதினொன்றேகால் ஆனது. தெய்வசிகாமணி சீர்த்தட்டைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சார், நான் போறேன்."

"போனீங்கன்னா நான் எழுதியாகணும்" என்றார் அரிகிருஷ்ணன். அவர் குரல் இறங்கியிருந்தது. "எழுதினா வேலை போயிடும்."

"எழுதுங்க சார். தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கும்."

அவர் நடந்தார். எல்லையில் கோடு எதுவும் இல்லை என்பதால் எந்த அடியில் வேலை போனது என்று அவருக்கே தெரியவில்லை. வேப்ப மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. அண்ணன் பாதி வழியில் நிற்கிறார் என்று கண்டக்டர் சொல்லி, அஞ்சலாட்சி பிள்ளையையும் மாமனாரையும் காது குத்துகிற பத்தரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கூப்பிட்டா வரமாட்டாரு, வழியிலயாவது புடிப்போம்னு வந்தோம்" என்றார் மாமனார், சம்பந்திக்கே உரிய மரியாதையோடு.

பேச நேரமில்லை. தமிழ்நாட்டு வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து தெய்வசிகாமணி உட்கார்ந்தார். சாந்தியை மடியில் வைத்தார்கள். அவள் கையில் துறையின் முத்திரை இருந்தது. சீட்டில் கிடந்ததைக் கண்டக்டர் கொடுத்தனுப்ப, வழியெல்லாம் அதைச் சப்பிக்கொண்டு வந்திருந்தாள். வாயெல்லாம் ஊதா நிறம். பிடுங்கினால் அழுவாள் என்று விட்டுவிட்டார்கள். பத்தர் கம்பியை வைத்ததும் பிள்ளை வீறிட்டு, கையிலிருந்த முத்திரையால் மாமன் மார்பில் மூன்று குத்து குத்தியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அரிகிருஷ்ணன். தெய்வசிகாமணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் சட்டையை உற்றுப் பார்த்தார். புது வெள்ளைச் சட்டையில் மூன்று இடத்தில், கொஞ்சம் சாய்வாக, ஆனால் தெளிவாக, "அனுமதிக்கப்பட்டது. துணைச் செயலர், இதர அலுவல்கள் துறை" என்று இருந்தது.

அரிகிருஷ்ணன் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அனுமதியில முத்திரை இருக்கணும்னு விதி சொல்லுது" என்றார் கடைசியில். "எது மேல இருக்கணும்னு சொல்லலை. முத்திரை உண்மையானது. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. மூணாவது உபரி. எழுதிக்கோம்மா. குழந்தை அழுதது. காரணம் நியாயமானது." பிறகு சொன்னார், "சட்டையைக் கழட்டிக் குடுங்க. கோப்புல சேக்கணும்."

தெய்வசிகாமணி துண்டைப் போர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் திருக்கனூர் போய் விருந்து சாப்பிட்டார். முத்திரை கைக்கு வந்துவிட்டதால், எழுதி வைத்திருந்த அனுமதிகளில் குத்திக்கொண்டு குழுவும் வந்தது; அதற்கும் இலை போட்டார்கள். சொல்தா இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார்.

குழுவின் அறிக்கை முந்நூறு பக்கம் வந்தது. எல்லைகளின் எண்ணிக்கை ஏழு அல்லது ஒன்பது, மரத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதைப் பொறுத்தது. தெய்வசிகாமணியின் மீதான குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இனி அவர் அங்கதம் எழுதினால் முன்கூட்டியே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டை இணைப்பு மூன்று.

அறிக்கை எப்படியோ வெளியே வந்தது. ஒரு பத்திரிகை அதைத் தொடராகப் போட்டது. கோரிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சத்தமாகப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓர் இலக்கிய அமைப்பு அந்த வருடத்தின் சிறந்த அங்கதப் பயணநூல் என்று அதற்குப் பரிசு அறிவித்தது. அரிகிருஷ்ணன் பதறிப்போய், "இதில் ஒரு வார்த்தைகூட வேடிக்கையாக எழுதப்படவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்" என்று மறுப்பு அனுப்பினார். அதையும் மேடையில் படித்தார்கள். அரங்கம் அதிர்ந்தது. கடைசியில் அவர் சால்வையை வாங்கிக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. அங்கத இலக்கியம் எங்கே போகிறது என்று கல்லூரிகளில் பேசினார். தெய்வசிகாமணியின் புத்தகம் எண்பது பிரதியோடு நின்றுவிட்டது. பரவாயில்லை, ஆனால் கற்பனை அதிகம் என்றார்கள்.

அறிக்கையின் விளைவாக எல்லை அனுமதிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. எல்லையைப் பற்றி அனுபவம் உள்ளவர் என்று தெய்வசிகாமணியை அங்கே உட்காரவைத்தார்கள். அரசு ஊழியருக்கு மட்டும் என்றுதான் ஆணை. ஆனால் அச்சடித்த அட்டையில் மூன்று மொழியில் எழுத்தும் வட்ட முத்திரையும் பார்க்க விசா மாதிரியே இருந்தது. மூலக்குளத்தில் ஒருவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பையனுக்கு அனுமதி அட்டை உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கூட்டம் தாங்காமல், இனி யாருக்கும் அனுமதி தேவையில்லை என்று அரசு அறிவித்தது. எங்கள் உரிமையைப் பறிக்கிறார்கள் என்று ஊர் கொதித்தது. அனுமதி வேண்டும் என்று நாங்கள் ஊர்வலம் போனோம். மூன்றாம் நாள் அறிவிப்பு வாபஸ் ஆனது.

அந்த மூன்று வருடமும் தெய்வசிகாமணி ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் எழுதலை என்று தையல்நாயகி கேட்டதற்கு, "இவங்களைத் தாண்டி நான் இன்னாத்தை எழுதறது" என்றாராம்.

எண்பத்திரண்டில் என் முறை வந்தது. காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்று பதினோரு மணிக்குக் கவுன்டருக்குப் போனேன்.

"எந்த ஊருக்கு?" என்றார் தெய்வசிகாமணி, நிமிராமல்.

"திருக்கனூர்."

"இன்னிக்குப் போறீங்களா, நாளைக்கா?"

"போகலைங்க. அட்டை மட்டும் போதும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தெருக்காரன் என்று தெரிந்துகொண்டார். என் முகத்தை, சட்டையை, அட்டைப் புகைப்படத்துக்காக நான் வாரியிருந்த தலையை நிதானமாகப் பார்த்தார். பிறகு அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, முழுப் பெயர் என்ன, என்ன வேலை, எத்தனை மணிக்கு வந்து நின்றேன், ஏன் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வேகமாக எழுதிக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மற்றவர்களிடம் இவ்வளவு விவரம் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் தனி மரியாதை.